துப்பாக்கி தூக்கினால் போதுமா? அறிவியல் புனைகதைப் பெண்கள்: கேள்வி பதில்

சயின்ஸ் ஃபிக்‌ஷன் கதைகளிலும் படங்களிலும் வரும் பெண்களைப் பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். நிறையக் கேள்விகள் வந்தன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டு மற்றவற்றுக்குப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி (கோவை, மென்பொருள் ஊழியர்): அக்கா, 'வலிமையான பெண் பாத்திரம்' என்று எல்லா விமர்சனத்திலும் எழுதுகிறார்கள். சண்டை போடத் தெரிந்திருந்தால் போதுமா?

பதில்: போதாது. நான் பார்ப்பது ஒன்றுதான். கதை எந்த இடத்தில் திரும்புகிறது, அதைத் திருப்பியது யார்? அவள் எடுக்கும் முடிவால் கதை திரும்ப வேண்டும், அந்த முடிவுக்கான விலையையும் அவளே கொடுக்க வேண்டும். அப்படி இருந்தால் அவள் ஒரு அடிகூட அடிக்காவிட்டாலும் எனக்கு அவள் வலிமையானவள்தான்.

1979-ல் ரிட்லி ஸ்காட் எடுத்த 'ஏலியன்' படத்தில் ரிப்ளி என்ற பாத்திரத்தைப் பலரும் கடைசிக் காட்சிக்காக நினைவில் வைத்திருக்கிறார்கள். எனக்கு முக்கியமான காட்சி அதற்கு வெகு முன்பே வந்துவிடுகிறது. விண்கலத்தில் மொத்தம் ஏழு பேர். மூவர் வெளியே ஒரு கிரகத்தில் இறங்கிவிட்டுத் திரும்புகிறார்கள். அதில் ஒருவர் முகத்தை ஏதோ ஒரு உயிரினம் கவ்விப் பிடித்திருக்கிறது. கதவுக்கு வெளியே நின்றுகொண்டு திறக்கச் சொல்கிறார் கேப்டன். கேப்டன் வெளியே இருப்பதால் உள்ளே பொறுப்பு ரிப்ளியிடம். தொற்று விதிப்படி 24 மணி நேரம் தனிமைப்படுத்த வேண்டும், உள்ளே விட்டால் எல்லோரும் சாகலாம், திறக்க மாட்டேன் என்கிறாள். வெளியே இருப்பவன் அவள் கூட வேலை செய்பவன், செத்துக்கொண்டிருக்கலாம். ஆணையிடுவது அவளுடைய மேலதிகாரி. அவள் குரல் கொஞ்சம் நடுங்கினாலும் முடிவு மாறவில்லை. வேறொருவன் அவளைக் கேட்காமல் கதவைத் திறந்துவிடுகிறான். அதற்குப் பிறகு நடக்கும் அத்தனை சாவும் அந்தக் கதவு வழியாக வந்ததுதான்.

அந்தக் காட்சியில் ஆயுதம் எதுவும் கிடையாது. ஒரு பெண் வேலையை ஒழுங்காகச் செய்கிறாள், அவள் பேச்சை யாரும் கேட்கவில்லை. அலுவலகத்தில் வேலை பார்க்கும் எந்தப் பெண்ணுக்கும் இது புரியும்.

கேள்வி (திருச்சி): ரிப்ளியை முதலில் ஆணாக எழுதிவிட்டுப் பிறகு பெண்ணாக மாற்றினார்கள் என்று படித்தேன். அப்படியானால் ஆணுக்கு எழுதிவிட்டுப் பெயரை மாற்றினாலே நல்ல பெண் பாத்திரம் கிடைத்துவிடுமா?

பதில்: திரைக்கதையிலேயே ஒரு குறிப்பு இருந்தது: எல்லாப் பாத்திரங்களும் ஆணோ பெண்ணோ யார் வேண்டுமானாலும் நடிக்கும்படி எழுதப்பட்டவை என்று. பிறகுதான் ரிப்ளியைப் பெண்ணாக முடிவு செய்து சிகோர்னி வீவரைக் கொண்டு வந்தார்கள். இதனால் ஒரு நன்மை. 'பெண் என்றால் இப்படித்தான் பேசுவாள்' என்ற பழக்கம் எழுத்தாளரின் கையைப் பிடித்து இழுக்கவில்லை. கதவுக் காட்சியில் ரிப்ளி மன்னிப்புக் கேட்டுக்கொண்டே பேசாமல் இருப்பதற்கு அது ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

ஆனால் அந்த வழியில் போனால் ஓரிடத்தில் முட்டி நின்றுவிடுவோம். பெண்ணாக வாழ்ந்ததால் மட்டும் வரும் அனுபவம் எதுவும் அதில் வராது. 1986-ல் ஜேம்ஸ் கேமரூன் எடுத்த 'ஏலியன்ஸ்' அந்த இடத்திலிருந்து தொடங்குகிறது. ரிப்ளி விண்கலத்தில் 57 வருடம் செயற்கை உறக்கத்தில் மிதந்துவிட்டுத் திரும்புகிறாள். மகளின் பதினோராவது பிறந்தநாளுக்குள் வந்துவிடுவதாகச் சொல்லிவிட்டுப் போனவள். வந்து பார்த்தால் மகள் கிழவியாகி இறந்தே போயிருக்கிறாள். கையில் கொடுக்கும் புகைப்படத்தில் இருக்கும் முதிய முகத்தைத் தொட்டுப் பார்க்கிறாள். திரையரங்கில் ஓடிய பிரதியில் இந்தக் காட்சியை வெட்டிவிட்டார்கள். பிறகு வந்த நீண்ட பிரதியில் சேர்த்தார்கள். கிடைத்தால் அதைப் பாருங்கள். நியூட் என்ற சிறுமிக்காக அவள் மறுபடி அந்த உயிரினங்களின் கூட்டுக்குள் போவது ஏன் என்பது அப்போதுதான் முழுசாகப் புரியும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். கடைசியில் அவள் ஏறிச் சண்டை போடும் அந்தச் சுமைதூக்கி இயந்திரம் திடீரென்று வானத்திலிருந்து குதிக்கவில்லை. வேலை பறிபோன பிறகு துறைமுகத்தில் அதை ஓட்டித்தான் அவள் பிழைக்கிறாள். படத்தின் தொடக்கத்தில் சிப்பாய்கள் முன்னால் அதை இயக்கியும் காட்டுகிறாள். கூலிவேலையில் கற்றது உயிரைக் காப்பாற்றுகிறது. இந்த நடிப்புக்கு வீவருக்கு ஆஸ்கரில் சிறந்த நடிகைக்கான பரிந்துரை கிடைத்தது. அந்தக் காலத்தில் இந்த வகைப் படத்துக்கு அது மிகவும் அபூர்வம்.

கேள்வி (சென்னை, இல்லத்தரசி): 'டெர்மினேட்டர் 2' பார்த்துவிட்டு என் கணவர், "இது ஆம்பளை வேஷம் போட்ட பொம்பளை, அவ்வளவுதான்" என்றார். எனக்கு ஒப்பவில்லை, ஆனால் பதில் சொல்லத் தெரியவில்லை.

பதில்: அவரோடு உட்கார்ந்து டைசன் வீட்டுக் காட்சியை மட்டும் இன்னொரு தடவை பாருங்கள். 1984-ல் வந்த முதல் படத்தில் சாரா கானர் ஓட்டலில் பரிமாறும் சாதாரணப் பெண். அவளைக் கொல்ல வருங்காலத்திலிருந்து ஒரு இயந்திரம் வருகிறது. 1991-ல் வந்த இரண்டாவதில் கட்டிலைச் செங்குத்தாக நிமிர்த்தி அதில் தொங்கி உடற்பயிற்சி செய்கிறாள். அந்தக் கைகளைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். படம் அவளைக் கொண்டுபோய் நிறுத்தும் இடம் வேறு. வருங்கால அழிவுக்குக் காரணமாகப் போகும் டைசன் என்ற விஞ்ஞானியைக் கொல்லத் தனியாகப் போகிறாள். அவனைச் சுட்டுக் காயப்படுத்திவிட்டு நெற்றிக்கு நேராகத் துப்பாக்கியை நீட்டுகிறாள். அவனுடைய சின்னப் பையன் அப்பா மேல் விழுந்து மறைக்கிறான். அவளால் முடியவில்லை. சுவரோரம் சரிந்து உட்கார்ந்து அழுகிறாள்.

எந்த இயந்திரம் தன்னை வேட்டையாடியதோ அதே இயந்திரமாகத் தானும் மாறிவிட்டதை அவள் உணரும் இடம் அது. உங்கள் கணவர் சொன்ன குறையை அந்தப் படமே கேள்வியாக எடுத்து அவள் முன்னால் வைத்துவிட்டது.

கேள்வி (மதுரை, பள்ளி ஆசிரியை): மேடம், இதெல்லாம் ஹாலிவுட். நம் பக்கத்தில் பழைய காலத்தில் யாராவது எழுதியிருக்கிறார்களா?

பதில்: இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்.

ரொக்கேயா சகாவத் உசேன். வங்காளத்தில் 1880-ல் பிறந்தவர். வீட்டுப் பெண்கள் பர்தாவுக்குள் இருந்த குடும்பம். இரவில் எல்லோரும் தூங்கிய பிறகு அண்ணன் சொல்லிக்கொடுத்துத்தான் ஆங்கிலம் கற்றார். கணவர் பாகல்பூரில் அரசு அதிகாரி. அவர் வேலையாக வெளியூர் போயிருந்தபோது பொழுதுபோக்காக எழுதியது 'சுல்தானாவின் கனவு' என்ற ஆங்கிலச் சிறுகதை. வெளியானது 1905-ல், நம் சென்னையில்! கமலா சத்தியநாதன் ஆசிரியராக இருந்து நடத்திய 'இந்தியன் லேடீஸ் மேகசின்' இதழில்.

கதையில் ஒரு பெண் கனவில் வேறொரு நாட்டுக்குப் போகிறாள். அங்கே பெண்கள் வெளியே நடமாடுகிறார்கள், ஆண்கள் அந்தப்புரத்துக்குள் இருக்கிறார்கள். பெண்களுக்கென்று இரண்டு பல்கலைக்கழகங்கள். ஒன்று மேகத்திலிருந்து குழாய் வழியாக நீரை இறக்கும் பலூனைக் கண்டுபிடிக்கிறது. இன்னொன்று சூரிய வெப்பத்தைச் சேமிக்கும் கருவியைச் செய்கிறது. சமையல்கூட அந்த வெப்பத்தில்தான், புகை கிடையாது. இந்த ஆராய்ச்சியெல்லாம் நடந்தபோது அந்நாட்டு ஆண்கள் கேலி செய்துவிட்டுப் படைபலத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தார்கள். பிறகு போர் வருகிறது, ஆண்கள் தோற்கிறார்கள். பல்கலைக்கழகத் தலைவி இரண்டாயிரம் மாணவிகளோடு போர்க்களத்துக்குப் போய், சேமித்து வைத்த சூரிய வெப்பத்தை எதிரிகள் மேல் திருப்புகிறாள். அதோடு போர் முடிந்தது.

எனக்கு மிகவும் பிடித்தது ஒரு சின்னக் கணக்கு. பெண்கள் இரண்டு மணி நேரத்தில் அலுவலக வேலையை முடித்துவிடுகிறார்கள். எப்படி என்று கேட்டால், ஆண் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு சுருட்டுப் பிடிக்கிறான், சுருட்டுக்கு அரை மணி, ஆறு மணி நேரம் அதிலேயே போய்விடுகிறது என்று பதில் வருகிறது. வீட்டுக்குள்ளிருந்து ஆண்களைக் கூர்ந்து பார்த்த ஒருத்திதான் இப்படி எழுத முடியும். ஊரிலிருந்து திரும்பிய கணவர் நின்றபடியே முழுசாகப் படித்துவிட்டு, 'பயங்கரமான பழிவாங்கல்' என்றாராம். கணவர் இறந்த பிறகு ரொக்கேயா அவர் பெயரிலேயே பெண்கள் பள்ளி தொடங்கினார். முதலில் பாகல்பூரில் தொடங்கியது, 1911-ல் கல்கத்தாவில் எட்டு மாணவிகளோடு மறுபடி ஆரம்பித்தது. இன்றும் நடக்கிறது.

கேள்வி (பெங்களூரு): பெக்டெல் சோதனையில் தேறினால் நல்ல படம் என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: அது நல்ல படத்தை அளக்கும் கோல் கிடையாது. 1985-ல் அலிசன் பெக்டெல் வரைந்த ஒரு சித்திரக்கதையில் வந்தது: குறைந்தது இரண்டு பெண்கள் இருக்க வேண்டும், அவர்கள் ஒருவரோடொருவர் பேச வேண்டும், பேச்சு ஆணைத் தவிர வேறு எதையாவது பற்றி இருக்க வேண்டும். அதில் பேசும் பெண் தன்னால் பார்க்க முடிந்த கடைசிப் படம் 'ஏலியன்' என்கிறாள். விண்வெளியில் சாண்ட்ரா புல்லக் தனியாகத் தவிக்கும் 'கிராவிட்டி' இந்தச் சோதனையில் தேறாது. அதற்காக அதை ஒதுக்கிவிட முடியுமா? மொத்தமாக நூறு படங்களைப் பார்க்கத்தான் அந்தச் சோதனை உதவும்.

கேள்வி (யாழ்ப்பாணம், வாசகர்): பெண்ணைப் பெண் எழுதினால்தான் சரியாக வரும் என்கிறார்களே?

பதில்: ஜேம்ஸ் டிப்ட்ரீ ஜூனியர் என்ற பெயரில் ஒருவர் அமெரிக்காவில் எழுதிக்கொண்டிருந்தார். யாரும் நேரில் பார்த்ததில்லை. பெண்ணாக இருக்குமோ என்று சிலர் சந்தேகப்பட்டபோது, இந்த எழுத்தில் ஆண்தன்மை அழுத்தமாக இருக்கிறது, அப்படி இருக்க வாய்ப்பில்லை என்று எழுத்தாளர் ராபர்ட் சில்வர்பெர்க் 1975-ல் அவருடைய கதைத் தொகுப்புக்கு முன்னுரையே எழுதினார். கொஞ்ச காலத்தில் உண்மை தெரிந்தது: அவர் அலிஸ் ஷெல்டன் என்ற அறுபது வயதைத் தாண்டிய பெண். தான் தவறியதைச் சில்வர்பெர்க் மறைக்காமல் ஒப்புக்கொண்டார்.

ஷெல்டன் 1973-ல் எழுதிய 'ஆண்கள் பார்க்காத பெண்கள்' என்ற கதையை அவசியம் படியுங்கள். மெக்சிகோ கரையோரம் ஒரு சின்ன விமானம் விழுகிறது. கதை சொல்பவன் ஒரு ஆண். கூட வந்த அம்மாவையும் மகளையும் அவன் சரியாகக் கவனிக்கவே இல்லை. தான்தான் அவர்களைக் காப்பாற்றப் போவதாக நினைத்துக்கொண்டே இருக்கிறான். வேற்றுக்கிரகவாசிகள் வருகிறார்கள். அந்த அம்மா பயந்து ஓடுவாள் என்று அவன் எதிர்பார்க்கும்போது, எங்களையும் கூட்டிக்கொண்டு போங்கள் என்று அவர்களைக் கேட்கிறாள். இங்கே உங்கள் உலகத்தின் இடுக்குகளில்தான் வாழ்கிறோம், அங்கே போனால் என்ன என்பது அவள் கணக்கு. கதை முழுக்க அவன் வாயால் வருகிறது, ஆனால் முடிவு அவளுடையது. ஆண் எழுதினாரா பெண் எழுதினாரா என்பதைவிட, எழுதுபவர் எவ்வளவு கவனித்திருக்கிறார் என்பதுதான் முக்கியம்.

கேள்வி (சேலம்): சுஜாதாவின் நிலா இந்த வரிசையில் வருவாளா?

பதில்: பாதி வருவாள். 'என் இனிய இயந்திரா'வில் கணவன் சிபி காணாமல் போக, வீட்டை விட்டுக் கிளம்புபவள் அவள்தான். சர்வாதிகாரத்துக்குள் ஒரு சாதாரணப் பெண் நுழையும் அந்தத் தொடக்கம் அருமை. ஆனால் யோசிக்கும் வேலையை ஜீனோ என்ற இயந்திர நாய் எடுத்துக்கொள்கிறது, திட்டங்களை ஆண்கள் போடுகிறார்கள். ஜீனோவை நானும் நேசித்தவள்தான். ஆனாலும் நாயைவிட நிலா இன்னும் கொஞ்சம் யோசித்திருக்கலாமே என்ற ஏக்கம் ஒவ்வொரு முறை படிக்கும்போதும் வரும்.

கேள்வி (துபாய்): இப்போது வரும் நாயகிகளுக்கு எல்லாமே தெரிந்திருக்கிறது, தோற்பதே இல்லை. அலுப்பாக இருக்கிறது. இப்படிச் சொன்னால் பெண்களுக்கு எதிரி என்கிறார்கள்.

பதில்: நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. தோற்காத நாயகனும் அதே அளவுக்கு அலுப்புத்தான், அவனை நாம் ஐம்பது வருடமாகப் பொறுத்துக்கொண்டோம் என்பதை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

2015-ல் வந்த 'மேட் மேக்ஸ்: ஃப்யூரி ரோட்' பாருங்கள். ஃப்யூரியோசா ஐந்து பெண்களை மீட்டுக்கொண்டு, தான் பிறந்த பசுமையான ஊரை நோக்கி லாரியை ஓட்டுகிறாள். அந்த ஊரே அழிந்துவிட்டது, வழியில் கடந்துவந்த சேற்று நிலம்தான் அது என்று தெரியும்போது, மணலில் நடந்து போய் செயற்கைக் கையைக் கழற்றிப் போட்டுவிட்டு மண்டியிட்டுக் கத்துகிறாள். அவள் நம்பிக்கை மொத்தமும் தவறாகிப் போன இடம். அதற்கு முன்னால் இரவில் ஒரு காட்சி. குண்டுகள் தீர்ந்துகொண்டிருக்கின்றன. மேக்ஸ் இரண்டு முறை சுட்டுத் தவறவிடுகிறான். மிச்சம் ஒன்றுதான். ஒன்றும் பேசாமல் துப்பாக்கியை அவளிடம் கொடுக்கிறான், அவள் அவன் தோளில் அதை வைத்துச் சுடுகிறாள். அவள் திறமையைக் காட்ட அவனை முட்டாளாக்கவில்லை. அவனுக்கும் அவளைத் தெரிந்திருக்கிறது, அவ்வளவுதான்.

கேள்வி (கோலாலம்பூர்): வயதான பெண்கள் யாராவது உண்டா?

பதில்: 'தி எக்ஸ்பான்ஸ்' தொடரில் கிரிஸ்ஜென் அவசரலா. பேரக்குழந்தைகள் உள்ள பாட்டி, ஐ.நா. அதிகாரி, புடவை கட்டிக்கொண்டு கோள்களுக்கு இடையிலான அரசியலை நடத்துகிறார். கெட்ட வார்த்தை தாராளமாக வரும், குழந்தைகளோடு பார்க்க வேண்டாம்.

கேள்வி (மதுரை ஆசிரியை, மறுபடியும்): ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒன்றே ஒன்று சொல்லிக்கொடுக்க வேண்டும் என்றால்?

பதில்: 'சுல்தானாவின் கனவு' தான். காப்புரிமை முடிந்த கதை, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. சின்னக் கதை, ஒரு பீரியடில் வாசித்துவிடலாம். சுருட்டுக் கணக்கு வரும் இடத்தில் நிறுத்தி, அவரவர் வீட்டில் யார் எத்தனை மணி நேரம் வேலை செய்கிறார்கள் என்று எழுதி வரச் சொல்லுங்கள். பையன்களும் எழுதட்டும். மறுநாள் சூரிய வெப்பக் கருவியைப் பற்றிப் பேசும்போது, முடிந்தால் அறிவியல் ஆசிரியரையும் வகுப்புக்குக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். 1905-ல் இதை எழுதியவருக்குப் பள்ளிக்கூடம் போகக் கொடுத்துவைக்கவில்லை என்பதைக் கடைசியில் சொல்லுங்கள்.