பனிக்காலத்தில் காற்றளவு டிரான்ஸ்மிட்டர் ஏன் பொய் சொல்கிறது?

கேள்வி: கனடாவின் ஆல்பர்ட்டாவில், ஓர் ஆலையில் இன்ஸ்ட்ருமென்ட் டெக்னீஷியனாக இருக்கிறேன். பாய்லருக்குக் காற்று தள்ளும் எஃப்டி ஃபேனை அடுத்த டக்டில் (காற்றுப் பாதையில்) ஓட்டத்தின் அழுத்தத்தை எடுக்கும் பிட்டோட் குழாய் வரிசை இருக்கிறது. அதன் அழுத்த வித்தியாசத்தைக் காற்றளவு சிக்னலாக மாற்றும் டிபி டிரான்ஸ்மிட்டர் வெளிச்சுவரில் மாட்டியிருக்கிறது. வெளியே மைனஸ் 30 டிகிரிக்குக் கீழே போனால் காற்றளவு ஒரே எண்ணில் நின்றுவிடுகிறது. போன குளிர்காலத்தில் இதனால் இரண்டு முறை பாய்லர் ட்ரிப் ஆனது (பாதுகாப்புக்காகத் தானாக நின்றது). டிரான்ஸ்மிட்டரை மாற்றியும் பயனில்லை. ஹீட் டிரேசிங்கின் (குழாயைச் சூடாக வைக்கும் மின்கேபிளின்) வாட்டேஜைக் கூட்டலாமா?

பதில்: வாட்டேஜைக் கூட்டுவதற்கு முன்னால், டிரான்ஸ்மிட்டருக்கு வரும் குழாய்க்குள் தண்ணீர் எப்படி வந்தது என்று பாருங்கள். டிரான்ஸ்மிட்டர் மேல் தப்பு இருக்க வாய்ப்பு குறைவு. தொழிற்சாலை டிரான்ஸ்மிட்டர்கள் பெரும்பாலும் மைனஸ் 40 வரை தாங்கும்படி செய்யப்பட்டவை. திரை மங்கும், ஆனால் அளவு நிற்காது. உறைவது டக்டிலிருந்து டிரான்ஸ்மிட்டருக்கு அழுத்தத்தைக் கொண்டுவரும் மெல்லிய குழாயான இம்பல்ஸ் லைன்தான். உயர் அழுத்தத்துக்கு ஒன்று, தாழ் அழுத்தத்துக்கு ஒன்று என இரண்டு இருக்கும்.

மைனஸ் 30 டிகிரிக் காற்றில் ஈரம் ஒரு கன மீட்டருக்கு அரை கிராம்கூட இருக்காது. 20 டிகிரியில் அதே காற்று 17 கிராம் வரை வைத்திருக்கும். எனவே கடுங்குளிர் இரவில் உங்கள் லைனை அடைத்த தண்ணீர் அன்றைக்கு வந்ததல்ல. அக்டோபர் மூடுபனியில், ஃபேன் இழுத்து உருகிய பனித்தூளில், காற்றைச் சூடேற்றும் ஸ்டீம் காயிலின் கசிவில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து, லைன் தொய்ந்த இடத்தில் தேங்கியிருக்கும். கால் அங்குலக் குழாயை அடைக்க ஒரு தேக்கரண்டித் தண்ணீர் போதும்.

அதனால் முதலில் ஒரு லெவல் கருவியை எடுத்துக்கொண்டு லைன் முழுவதும் நடந்து பாருங்கள். காற்றை அளக்கும்போது டிரான்ஸ்மிட்டர் டேப்பிங்கைவிட (டக்டில் லைன் தொடங்கும் இடத்தைவிட) மேலே இருக்க வேண்டும். லைன் மீட்டருக்கு 8 செ.மீ. அளவுக்காவது டக்டை நோக்கிச் சரிந்திருந்தால், உள்ளே சேரும் நீர் தானாகவே டக்டுக்குத் திரும்பிவிடும். கையெட்டும் உயரத்தில் வேண்டுமென்று டிரான்ஸ்மிட்டரைக் கீழே இறக்கி மாட்டியிருந்தால், அதுதான் உங்கள் நோய். மேலே தூக்க வழியே இல்லையென்றால் மிகக் கீழான இடத்தில் நீர் சேர்ந்து வடிய ஒரு வடிகால் குழாய் வைத்து, அதற்கும் சூடேற்றுங்கள். சூடில்லாத வடிகால்தான் முதலில் உறையும்.

ட்ரிப் ஆனதைவிட எனக்கு அதிகக் கவலை தருவது இன்னொன்று. உறைந்த லைன் பூஜ்யத்தைக் காட்டாது. அழுத்தம் உள்ளே சிறைப்பட்டிருக்கும். உயர் அழுத்தப் பக்கம் உறைந்த நிலையில் லோடு குறைந்து டக்ட் அழுத்தம் இறங்கினால், தாழ் பக்கம் மட்டும் இறங்கும்; வித்தியாசம் கூடும். நிஜத்தில் காற்று குறைகிறது, திரையில் ஏறுகிறது. கண்ட்ரோல் அதை நம்பி இன்னும் காற்றைக் குறைக்கும், அளவு இன்னும் ஏறும். ஃபர்னஸில் எரியாத எரிபொருள் சேர இதுவே போதும். 1974 டிசம்பர் 1 அன்று நியூயார்க் மாநிலத்தில் நார்த்வெஸ்ட் ஏர்லைன்ஸின் போயிங் 727 ஒன்று விழுந்ததும் இப்படித்தான். பிட்டோட் ஹீட்டரைப் போடாததால் பிட்டோட் குழாய்கள் உறைந்தன. விமானம் மேலே ஏற ஏற வெளி அழுத்தம் குறைந்தது, வேகமானி கூடுதல் வேகத்தைக் காட்டியது. விமானிகள் அதை நம்பி மூக்கை மேலே தூக்க, விமானம் ஸ்டால் ஆகி (இறக்கைகள் தூக்குவிசையை இழந்து) விழுந்தது. உள்ளே இருந்த மூவரும் இறந்தனர்.

ஆகவே திரையில் ஓடும் காற்றளவு வரைகோட்டை, அதாவது டிரெண்டை, கவனிக்கச் சொல்லி ஆபரேட்டர்களிடம் பேசுங்கள். ஆரோக்கியமான காற்றளவு சிக்னல் எப்போதும் லேசாக நடுங்கிக்கொண்டே இருக்கும். கோடு வழவழவென்று நேராகிவிட்டால் சந்தேகப்பட வேண்டும். ட்ரிப்புக்கு மூன்று டிரான்ஸ்மிட்டர் இருக்கிறதே என்று நம்பியும் இருக்காதீர்கள். மூன்றும் ஒரே டேப்பிங்கில் தொங்கினால் மூன்றும் சேர்ந்தே உறையும்.

சரி, இப்போது ஹீட் டிரேசிங். அது தேவைதான். 2011, 2021 பிப்ரவரிகளில் டெக்சஸில் மின்நிலையங்கள் நின்றதை ஆராய்ந்த அமெரிக்க அறிக்கைகள் இரண்டும் உறைந்த சென்சிங் லைன்களை (இம்பல்ஸ் லைன்களின் இன்னொரு பெயர்) காரணங்களில் ஒன்றாகச் சொல்கின்றன. ஆனால் பல இடங்களில் லைன் முழுக்க டிரேசிங் ஓடியிருக்கும், டிரான்ஸ்மிட்டரை ஒட்டிய வால்வுத் தொகுதியான மேனிஃபோல்டுக்கு முந்தைய கடைசி ஒரு சாண் மட்டும் வெறுமையாக நிற்கும். டக்ட் சுவரைத் தொடும் இடமும் அப்படித்தான். மேனிஃபோல்டையும் டிரான்ஸ்மிட்டரையும் ஹீட்டர் வைத்த பெட்டிக்குள் அடைத்துவிடுங்கள். ஈரமான இன்சுலேஷனைக் காயவைத்துச் சமாளிக்காமல் மாற்றிவிடுவதே மேல்.

இரண்டு லைன்களையும் ஒரே இன்சுலேஷனுக்குள் சேர்த்துக் கட்டுங்கள். ஒன்று 40 டிகிரியிலும் மற்றது மைனஸ் 30-லும் இருந்தால், 3 மீட்டர் உயரத்துக்கே காற்றின் எடை வித்தியாசம் ஏறக்குறைய 9 பாஸ்கல் பிழை தரும். அழுத்த வித்தியாசம் ஓட்டத்தின் வர்க்கமாக மாறுவதால், முழு அளவு 250 பாஸ்கல் என்றால் பாதி ஓட்டத்தில் வருவது 62 பாஸ்கல்தான். அதில் 9 பெரிய பிழை.

அதற்கும் மேல் பாதுகாப்பு வேண்டுமென்றால், குறிப்பிட்ட இடைவெளியில் அழுத்தக் காற்றால் லைனைத் தானாக ஊதிவிடும் பர்ஜ் வையுங்கள். ஊதும்போது சிக்னல் பழைய மதிப்பில் நிற்க வேண்டும், டிரான்ஸ்மிட்டர் தனிமைப்பட வேண்டும். இல்லாவிட்டால் 7 பார் காற்று டிரான்ஸ்மிட்டரின் அழுத்தம் உணரும் செல்லைக் கெடுத்துவிடும். ஊதும் காற்றின் பனிநிலையை (எந்த வெப்பநிலையில் அதன் ஈரம் நீராகத் தொடங்கும் என்பதை) கட்டாயம் பாருங்கள். ரெஃப்ரிஜரேஷன் டிரையர் 3 டிகிரி வரைக்கும்தான் தரும். அந்தக் காற்றை ஊதினால் லைனுக்குள் நீங்களே தண்ணீர் ஊற்றுவதற்குச் சமம். ஈரம் உறிஞ்சும் பொருள் கொண்ட டெசிக்கன்ட் டிரையர் மைனஸ் 40 தரும். அதிலும் அந்தக் காற்றைக் கொண்டுவரும் முதன்மைக் குழாய் வெளியே ஓடினால், ஊரின் மிகக் குறைந்த வெப்பநிலைக்கும் 10 டிகிரி கீழே பனிநிலை இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

உறைந்துவிட்ட லைனில் தயவுசெய்து டார்ச் நெருப்பைக் காட்டாதீர்கள். பெர்மிட் வாங்கி, பாய்லரை ட்ரிப் செய்யும் இன்டர்லாக்கை முறைப்படி பைபாஸ் செய்து, டிரான்ஸ்மிட்டரைக் கழற்றிவிட்டு, வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றி இளக்கி, அப்புறம் டக்ட் பக்கமாக ஊதுங்கள். செப்டம்பரிலேயே எல்லா லைனையும் ஒருமுறை ஊதி, டிரேசிங் கேபிள்களின் கரன்டை அளந்து எழுதி வைத்தால் ஜனவரியில் இந்த வேலை வராது.

கடைசியாக ஒன்று. லைன் சுத்தமாக இருந்தும் குளிரில் காற்றளவு குறைவாகத் தெரிந்தால், அது உறைவு அல்ல, அடர்த்தி. மைனஸ் 35-ல் காற்று 20 டிகிரிக் காற்றைவிட 23 சதவீதம் கனமானது. வெப்பநிலைத் திருத்தம் இல்லாத கணக்கு, நிஜமான நிறை ஓட்டத்தைவிட ஏறக்குறைய 10 சதவீதம் குறைத்துக் காட்டும். கண்ட்ரோல் கூடுதல் காற்றைத் தள்ளும், புகைபோக்கி ஆக்ஸிஜன் உயரும். அந்த டக்டில் ஒரு வெப்பநிலை சென்சார் வைத்துக் கணக்கில் சேர்த்துவிட்டால் இது சரியாகிவிடும்.