வெளியூர் உணவு விமர்சகர்கள் கொழும்புக் கடைகளைப் பற்றி எழுதுவதை நம்பிப் போகலாமா?

மூன்று நாள் பயணம், கையில் ஒரு ஆங்கிலப் பத்திரிகையின் பட்டியல், நாலைந்து யூடியூப் வீடியோக்கள் என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். சென்னைப் பக்கம் என்று நினைக்கிறேன். பட்டியலைப் பார்க்காமலே சொல்லிவிடுவேன்: முதலில் நண்டு, பிறகு காலிமுகத்திடல் இறால் வடை, அதற்குப் பிறகு கொத்து ரொட்டி. கொத்து என்றால் "அந்தத் தாளம்" பற்றி ஒரு பந்தி கட்டாயம் இருக்கும். சரியா?

அதில் பொய் ஒன்றும் இல்லை. ஒல்லாந்தர் ஆஸ்பத்திரிக் கட்டடத்தில் 2011-இல் தொடங்கிய 'மினிஸ்ட்ரி ஒஃப் க்ராப்' நல்ல கடைதான். நல்ல நண்டு முழுக்க சிங்கப்பூருக்குப் போய்க்கொண்டிருந்தபோது அதை இங்கேயே பரிமாறலாம் என்று தொடங்கினார்கள். கிரிக்கெட் வீரர்கள் மஹேலவும் சங்கக்காரவும் பங்காளிகள், எழுதுகிறவருக்கு வேறென்ன வேண்டும். நான் அங்கே ஒரே ஒரு முறை, அதுவும் இன்னொருவர் செலவில் போயிருக்கிறேன்.

நான் எழுத வந்தது வேறு காரணத்துக்கு. என் மாமா கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு சைவக் கடை வைத்திருந்தார். ஆறு வருடம் அதன் காசு மேசையில் இருந்தவன் நான். பக்கச்சார்பு இருக்கும், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கீழே வந்து "கடைக்காரன் புலம்புகிறான்" என்று எழுத வேண்டாம். ஆமாம், புலம்பல்தான்.

2018 கடைசியில், அடுத்த வருடம் போக வேண்டிய நாடுகளில் இலங்கைதான் முதலிடம் என்று லோன்லி பிளானட் என்ற பயண வழிகாட்டி நிறுவனம் சொல்லியிருந்தது. அந்த டிசம்பரில் எங்கள் கடைக்கும் வெள்ளைக்காரர்கள் வரத் தொடங்கினார்கள். ஒரு நாள் இரவு எட்டு மணி இருக்கும், ஒரு பெண்ணும் கமெராக்காரரும் வந்து இருந்தார்கள். கேட்ட முதல் விஷயம் சோறும் கறியும்.

இரவு எட்டு மணிக்குச் சைவக் கடையில் சோறு! பகல் இரண்டரைக்கே சோற்று அண்டா கழுவிக் கவிழ்த்தாகிவிடும். இடியப்பம், சொதி, சம்பல், தோசை இருக்கிறது என்று சொன்னோம். அவருடைய முகம் விழுந்துவிட்டது.

அதற்குள் எங்கள் வழக்கப்படி வடைத் தட்டு மேசைக்குப் போய்விட்டது. உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம்: இங்கே பல கடைகளில் நீங்கள் கேட்காமலே ஒரு தட்டு நிறைய வடையும் றோலும் கொண்டுவந்து வைப்பார்கள். சாப்பிட்டதற்கு மட்டும் காசு, மிச்சம் திரும்பிப் போய்விடும். அந்த அம்மாவுக்கு அது தெரியாது. உளுந்து வடையில் ஒரு கடி, மரக்கறி றோலில் ஒரு கடி, சுசியத்தில் ஒரு கடி. கடலை வடையை மட்டும் முழுதாக இரண்டு. ஒவ்வொன்றுக்கும் படம். பில்லில் நான் ஐந்து உருப்படி போட்டேன். கடித்ததை வேறு ஆளுக்கு வைக்க முடியுமா? அவர் பேசாமல் காசைத் தந்துவிட்டு, சிரித்துக்கொண்டு போனார்.

இரண்டு மாதம் கழித்து அவர் எழுதிய கட்டுரை வந்தது. கடையின் பெயர் இல்லை. ஆனால் படத்தில் எங்கள் முருகன் கலண்டரும் பத்து நிமிடம் முந்தி ஓடும் மணிக்கூடும் இருந்தன. கேட்காத பண்டத்தை வைத்துக் காசு வாங்குகிறார்கள் என்று ஒரு வரி. தட்டைக் கழுவ மனமில்லாமல் பொலித்தீன் தாள் விரித்துப் பரிமாறுகிறார்கள் என்று இன்னொரு வரி. எல்லாவற்றுக்கும் மேலாக, இலங்கையின் தலைநகரத்தில் இலங்கைச் சோறு தேடி அலைய வேண்டியிருக்கிறதாம்.

மாமாவுக்கு நான்தான் வாசித்துச் சொன்னேன், கொஞ்சம் தண்ணீர் கலந்து. அவர் கேட்டு முடித்துவிட்டுக் கேட்டார்: "அப்ப அந்தக் கடலை வடையைப் பற்றி ஒண்டும் எழுதேல்லையோ? ரெண்டு சாப்பிட்டவ எல்லோ."

நியாயமாகச் சொன்னால் வடைத் தட்டு விஷயத்தில் அந்த அம்மா சொன்னதில் பாதி சரி. பத்துப் பேர் கை பட்ட தட்டு பதினோராவது மேசைக்குப் போவது சுத்தம் இல்லை. கொரோனாவுக்குப் பிறகு நாங்களும் அதை நிறுத்திக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தோம். பொலித்தீன் தாளுக்கு மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கழுவிய தட்டின் மேல்தான் அதை விரிக்கிறோம்.

எனக்கு எரிவது சோற்றைப் பற்றிய வரிதான். கொழும்பு தன் சோற்றைப் பகல் பன்னிரண்டுக்கும் இரண்டுக்கும் இடையில் சாப்பிடுகிற ஊர். அதிலும் பாதிப் பேர் கடையில் இருந்து சாப்பிடுவதில்லை, பாசல்தான், அதாவது கட்டிக் கொடுக்கும் சோற்றுப் பொட்டலம். நகரின் கோட்டைப் பகுதியில் எந்தக் கந்தோரிலும் (அலுவலகத்திலும்) மதியம் மேசை லாச்சியைத் திறந்தால் ஒரு பாசல் இருக்கும். லஞ்ச் ஷீட் என்ற மெல்லிய பொலித்தீன் தாளில் சோறு, அதன் மேல் பருப்பு, கத்தரிக்காய், கீரை வறை, ஒரு பொரித்த மிளகாய், வெளியே பழைய பத்திரிகைத் தாள். பதினொன்றுக்குக் கட்டினது பன்னிரண்டரைக்கு அவிழும்போது பருப்பு சோற்றுக்குள் இறங்கியிருக்கும், அப்பளம் நமத்துப் போயிருக்கும். அதே கறியைத் தட்டில் போட்டால் அந்த ருசி வராது. இரவு உணவுக்கு மேசை பதிவு செய்து வருகிற விமர்சகருக்கு இது எப்படிக் கிடைக்கும்? மதியம் அவர் ஹோட்டல் நீச்சல் குளத்தடியில் இருப்பார்.

எல்லோரையும் சொல்லவில்லை. அமெரிக்கத் தொலைக்காட்சியில் உணவுப் பயண நிகழ்ச்சி நடத்திய அந்தோனி போர்டெய்ன் போர் நடந்த காலத்தில் ஒருமுறை வந்துபோனார். 2017-இல் மறுபடி வந்தவர் யாழ்ப்பாணத்துக்கு ரயில் ஏறினார். திரும்பி வந்த ஆளுக்கு என் மரியாதை உண்டு.

அப்புறம் இந்த "மலிவு". 2022 செப்டம்பரில் கொழும்பில் உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். அதற்குச் சில மாதம் முன்புதான் டொலர் இருநூறு ரூபாயிலிருந்து முந்நூற்று அறுபதுக்குத் தாவியது. அதற்குப் பிறகு வந்தவர்கள் "நம்ப முடியாத மலிவு" என்று எழுதினார்கள். அவர்களுக்கு மலிவுதான். அந்த வருடம் காஸ் சிலிண்டருக்கு வரிசையில் நின்று நின்று மாமா கடையையே மூடிவிட்டார். மாடிக் கட்டடத்தில் விறகு வைத்துத் தோசை சுட முடியாது.

வெள்ளைக்காரரை விட மோசம் எங்கள் சொந்தக்காரர். கனடாவிலிருந்து ஒரு மச்சான் ஒவ்வொரு ஓகஸ்டிலும் வருவார். கொத்தை ஒரு வாய் வைத்துவிட்டு, "ஸ்காபரோவில் இதைவிட நல்லா இருக்கும்" என்பார். அந்த ஸ்காபரோக் கொத்து எங்கிருந்து போனது அண்ணே? காசு கொடுக்கும்போது மட்டும் பெட்டிக்குள் வைத்த பேர்ஸை மறந்து வந்திருப்பார். சரி, இது உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லை.

தமிழ்நாட்டு வீடியோக்காரர்களுக்கும் ஒன்று. இங்கே வந்து "சிலோன் பரோட்டா" கேட்காதீர்கள். அது உங்கள் ஊர்ப் பண்டம், எங்களில் பலருக்கு அது என்னவென்றே தெரியாது. புதுக்கடை என்ற இடத்தில் இரவு ஒன்பதுக்குப் படம் பிடித்துவிட்டு "இதுதான் கொழும்பு" என்பதும் வேண்டாம். கொம்பனித்தெருப் பக்கம் மலாயர் வீடுகளில் பிட்டுக்குப் பாபத், அதாவது மாட்டுக் குடல் கறி, வைப்பார்கள். ஐரோப்பிய வம்சாவளியினரான பறங்கியரின் லம்ப்ரைஸ் வாழையிலையில் சோற்றையும் கறிகளையும் மடித்து ஓவன் அடுப்பில் வேகவைப்பது, தும்முல்லைப் பக்கம் டச்சு பேர்கர் யூனியனில் கிடைக்கும். அதுவும் கொழும்புதான்.

நண்டுக்கு ஒரு இரவை ஒதுக்குங்கள், தப்பில்லை. மற்ற இரண்டு நாளும் பன்னிரண்டரைக்குப் பசியோடு எங்காவது கந்தோர்க்காரர் வரிசை நிற்கிற கடைக்குப் போங்கள். கேட்காமல் வடைத் தட்டு வந்தால் பயப்பட வேண்டாம், தொட்டதற்குத்தான் காசு. கடலை வடை காலையில் போட்டதா, இப்போது போட்டதா என்று மட்டும் கேட்டுவிட்டு எடுங்கள்.