எடை, கருத்தரிப்பு, குழந்தை: வாசகியர் கேள்விகள்

எனக்கு வயது 28. உயரம் 155 செ.மீ., எடை 82 கிலோ. மாதவிலக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் வருகிறது. குளிருக்கு நாளைக்கு ஆறு டீ, கூடவே வர்க்கி. எடை குறைந்தால்தான் குழந்தை தங்கும் என்கிறார் மாமியார். உண்மையா?
- வாசகி, கோத்தகிரி

பெருமளவு உண்மைதான். உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் கணக்கான பி.எம்.ஐ. உங்களுக்கு 34, நம் நாட்டவருக்கு 25-ஐத் தொட்டாலே உடல்பருமன். எடை ஏறினால் இன்சுலின் சரியாக வேலை செய்யாது, அதனால் உடல் அதை இன்னும் அதிகமாகச் சுரக்கும். அந்த இன்சுலின் சினைப்பையில் ஆண் ஹார்மோனைக் கூட்டுவதால், கருமுட்டை பாதி வளர்ச்சியிலேயே நின்றுவிடும். தைராய்டு கோளாறாகவும் இருக்கலாம்; தைராய்டுக்கு டி.எஸ்.எச்., மூன்று மாதச் சராசரிச் சர்க்கரைக்கு ஹெச்.பி.ஏ.1.சி., சினைப்பைக்கு ஸ்கேன் மூன்றும் பாருங்கள். கணவருக்கு விந்துப் பரிசோதனையும் அப்போதே செய்துவிடுங்கள். பெண்ணை மட்டும் அலையவிட்டு வருடங்களைத் தொலைக்கும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன.

ஒரேயடியாக 30 கிலோ குறைக்க வேண்டாம். 4 முதல் 8 கிலோ இறங்கினாலே பலருக்கு முட்டை வெடிப்பது சீராகிறது. கப்புக்கு இரண்டு டீஸ்பூன் என்றால் ஆறு டீயில் 60 கிராம் சர்க்கரை, அதாவது 240 கலோரி. மூன்று டீ, கப்புக்கு அரை டீஸ்பூன் சர்க்கரை போதும். சாப்பாட்டுக்கும் டீக்கும் ஒரு மணி நேரம் இடைவெளி விடுங்கள். இல்லையென்றால் இரும்புச்சத்து உடலில் சரியாகச் சேராது. வர்க்கி மைதாவும் கொழுப்பும்தான். அதற்குப் பதில் வேகவைத்த அவரைக்கொட்டை சாப்பிடலாம். தட்டில் பாதி பீன்ஸ், கோஸ், கீரை இருக்கட்டும். உருளைக்கிழங்கு சோற்றுக் கணக்கு, காய்க் கணக்கு அல்ல.

இதைவிட அவசரமானது போலிக் அமிலம் என்ற வைட்டமின் மாத்திரை. குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் குழாய் கருத்தரித்த 28 நாளுக்குள் மூடிவிடும். மாதவிலக்கு தள்ளிப்போகும் உங்களுக்குக் கரு தங்கியதே அதற்குள் தெரியாது. பருமனான தாய்மாரின் குழந்தைகளுக்கு இந்தக் குழாய் மூடாமல் போகும் அபாயம் சற்று அதிகம். வழக்கமான அளவு 400 மைக்ரோகிராம்; உங்கள் எடைக்கு 5 மி.கி. தேவைப்படலாம். டாக்டரிடம் கேட்டு இப்போதே தொடங்குங்கள்.

ஐந்து மாத கர்ப்பிணி நான். கர்ப்பத்துக்கு முன்பே பி.எம்.ஐ. 31. இப்போது சாப்பாட்டைக் குறைக்கலாமா?
- வாசகி, குன்னூர்

பட்டினி வேண்டவே வேண்டாம். பத்து மாதத்தில் மொத்தம் 5 முதல் 9 கிலோ கூடினால் போதும். 24 முதல் 28 வாரத்துக்குள் 75 கிராம் குளுக்கோஸ் குடித்துச் செய்யும் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள். இரண்டு மணி நேரம் கழித்து ரத்தச் சர்க்கரை 140 மி.கி.யைத் தொட்டால் கர்ப்பகாலச் சர்க்கரை நோய். தாயின் குளுக்கோஸ் நஞ்சுக்கொடியைக் கடக்கும், இன்சுலின் கடக்காது. அதனால் குழந்தையின் கணையமே கூடுதலாக இன்சுலின் சுரந்து, குழந்தை மிகவும் பெரிதாகிவிடும். பிரசவத்தில் தோள் சிக்கலாம். பிறந்ததும் அதன் சர்க்கரை சட்டென்று இறங்கும். அதனால் ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடுத்துவிட வேண்டும், குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சர்க்கரை பார்க்கச் சொல்லுங்கள்.