கண்ணாடியில் ஓவியம் தீட்டும் மகளுக்கு எந்தப் படிப்பு?

மதிப்புக்குரிய அம்மா, வணக்கம்.

சென்ற சனிக்கிழமை சுங்கை சிப்புட்டில் கல்வி வழிகாட்டிக் கூட்டம் முடிந்ததும் என்னைத் தனியே அழைத்து நீங்கள் கேட்ட கேள்விக்கு வாசலில் நின்றபடி இரண்டு வரியில் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உங்கள் மகள் அடுத்த ஆண்டு நான்காம் படிவத்தில் காட்சிக் கலைக் கல்வியை எடுக்க விரும்புகிறாள், அவள் அப்பாவோ கணக்கியல் எடுக்கச் சொல்கிறார், "கண்ணாடியில் சாயம் பூசினால் சோறு கிடைக்குமா?" என்று வீட்டில் நாள்தோறும் பேச்சு நடக்கிறது என்றீர்கள். செம்பனைத் தோட்டத்தில் லாரி ஓட்டிப் பிள்ளையைப் படிக்க வைக்கும் ஒரு தந்தை அப்படிக் கேட்பது முற்றிலும் நியாயமானது. அந்தக் கேள்வியை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

முதலில், நீங்கள் பழைய துண்டில் சுற்றிக் கொண்டுவந்த அந்த இரண்டு கண்ணாடிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாட்காட்டியில் இருந்த பிள்ளையார் படத்தைக் கீழே வைத்து, அதன்மேல் படச்சட்டக் கண்ணாடியை வைத்து அவள் வரைந்திருக்கிறாள். வரைந்து முடித்துத் திருப்பிப் பார்த்தபோது, இடப்பக்கம் வளைந்திருந்த துதிக்கை வலப்பக்கம் போயிருந்தது, "என்னடி, சாமி வலம்புரியாகி விட்டாரே!" என்று முதலில் கண்டுபிடித்தவர் அவளுடைய பாட்டி. அவள் அதை அப்படியே விட்டுவிடவில்லை. மெல்லிய தாளில் படத்தைப் பிரதி எடுத்து, தாளைப் புரட்டி வைத்து, இரண்டாவது கண்ணாடியில் மீண்டும் வரைந்தாள். அந்த இரண்டாவது கண்ணாடியைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். வேட்டியின் மஞ்சள் நிறத்தில் ஊசிமுனை அளவுக்கு ஓரிரு இடங்களில் மட்டுமே ஒளி கசிந்தது. யாரும் சொல்லித்தராமல் இந்த அளவுக்குச் சீராக வண்ணம் பூச வருவது எளிதன்று.

இதை நான் இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கண்ணாடியின் பின்புறம் தீட்டி முன்புறம் பார்க்கும் இம்முறையில் வேலையின் வரிசையே தலைகீழானது. தாளில் வரைபவர் முகத்துக்கு நிறம் பூசிவிட்டுக் கடைசியில் கண்மணியை வைப்பார்; இங்கே கண்மணி, நகை, ஆடையின் கரை ஆகியவற்றை முதலில் தீட்டி, அவை காய்ந்தபின் உடல் நிறத்தையும், எல்லாவற்றுக்கும் கடைசியாகப் பின்னணியையும் பூச வேண்டும். முதலில் வைத்த புள்ளியே பார்ப்பவர் கண்ணுக்கு மேலே நிற்பதால், பிறகு அதன்மேல் பூசித் தவற்றை மறைக்க வழியில்லை. முழுப் படத்தையும் மனத்தில் முடித்துக்கொண்டுதான் தூரிகையைத் தொட வேண்டும். 18ஆம் நூற்றாண்டில் சீன வணிகத்தின் வழியாக இந்தியாவுக்கு வந்த இக்கலை, தஞ்சாவூரில் வேரூன்றிக் கண்ணனும் இராமர் பட்டாபிஷேகமுமாகத் தமிழர் வீட்டுப் பூசையறைக்குள் நுழைந்தது. திட்டமிடுதல், பொறுமை, பிழையை ஆராய்ந்து திருத்தும் குணம் ஆகியவற்றை மூன்றாம் படிவத்துப் பிள்ளையிடம் கண்டேன் என்பதுதான் உங்களுக்கு நான் தரும் முதல் பதில்.

சோறு பற்றிய கேள்விக்கு வருகிறேன். சாமி படம் வரைந்து விற்று மட்டும் ஒரு குடும்பத்தை நடத்துவது கடினம். அதை உங்களிடம் மறைக்க மாட்டேன். ஆனால் கண்ணாடியும் வண்ணமும் சேரும் வேலை படச்சட்டத்தோடு முடிந்துவிடுவதில்லை. இன்று புதிய வீடுகளின் சமையலறைச் சுவரில் ஓடுகளுக்குப் பதிலாகப் பதிக்கும் வண்ணக் கண்ணாடி, பின்புறம் வண்ணம் பூசி முன்புறம் பார்க்கும் அதே தத்துவத்தில் செய்யப்படுவதுதான். கட்டடங்களின் முகப்புக் கண்ணாடியில் மட்பொருள் வண்ணத்தை அச்சிட்டு, 600 பாகை செல்சியசுக்கு மேல் சூடேற்றிக் கண்ணாடியோடு ஒன்றாக்குகிறார்கள். தேவாலயச் சன்னல்களில் உலோக ஆக்சைடும் கண்ணாடித் தூளும் கலந்த சாயத்தைத் தீட்டிச் சூளையில் சுடுவார்கள். சுட்ட கண்ணாடியை மெல்லக் குளிரவிடாவிட்டால் உள்ளே அழுத்தம் தங்கி, பல நாள் கழித்தும் அது தானாக விரிசல் விடும். பினாங்கின் ஜார்ஜ் டவுன் 2008ஆம் ஆண்டு யுனெஸ்கோ உலக மரபுடைமைத் தளமானது. அங்குள்ள பழைய மாளிகைகளின் வண்ணக் கண்ணாடிகளைப் பழுதுபார்ப்பதற்குக் கை தேர்ந்தவர்கள் வேண்டும். ஜொகூர் பாரு ராஜகாளியம்மன் கண்ணாடிக் கோவிலில் ஏறத்தாழ 300,000 கண்ணாடித் துண்டுகள் பதிக்கப்பட்டுள்ளன. அது தீட்டும் கலையன்று, பதிக்கும் கலை. எனினும் நம் கோவில்களே இத்தகைய வேலையைக் கேட்டு வாங்குகின்றன என்பதற்கு அது சான்று.

ஆகவே மகளைக் 'கண்ணாடி ஓவியப் படிப்பில்' சேர்ப்பது எப்படி என்று தேடாதீர்கள். உட்புற வடிவமைப்பு, நுண்கலை, தொழில் வடிவமைப்பு, கலை ஆசிரியர் பயிற்சி போன்ற ஒரு பரந்த படிப்புக்குள் கண்ணாடியைத் தன் தனித்திறமையாக அவள் வளர்த்துக்கொள்வதே நிலையான வழி. ஆறாம் படிவ முடிவில் எழுதும் எஸ்.டி.பி.எம். தேர்விலும் காட்சிக் கலை ஒரு பாடமாக உள்ளது. அதன்பின் பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் கலைப் பள்ளி இருக்கிறது. கலை ஆசிரியராக விரும்பினால் தஞ்சோங் மாலிமில் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வை முடித்த கையோடு டிப்ளோமா வேண்டுமென்றால் பாசிர் கூடாங்கில் வடிவமைப்புத் துறை கொண்ட போலிடெக்னிக் உண்டு. ரவாங்கில் உள்ள தேசியக் கைவினைக் கழகம் பத்தேக், நெசவு, மரம், உலோகம், மட்பாண்டம் முதலியவற்றில் பயிற்சி தருகிறது. கைவேலையில் ஆழமான நாட்டம் உள்ள பிள்ளைக்கு அதையும் நான் தயங்காமல் சொல்வேன். நம் பேராக் மாநிலத்தில் ஸ்ரீ இஸ்கண்டாரில் உள்ள யுஐடிஎம் (மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம்) வளாகத்திலும் கலைப் படிப்பு உண்டு, ஆனால் அது பூமிபுத்ரா (மலாய்க்காரர், பூர்வகுடியினர்) மாணவர்களுக்கானது என்பதால் அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

வீடு தேடி வந்து, "சேர்ந்தாலே வேலை நிச்சயம்" என்று சொல்லி முன்பணம் கேட்ட தனியார்க் கல்லூரி முகவரைப் பற்றியும் சொன்னீர்கள். இப்போது ஒரு ரிங்கிட்கூடக் கொடுக்காதீர்கள். மலேசியத் தகுதி முகமையின் பதிவேட்டில் அந்தப் படிப்பின் பெயர் இருக்கிறதா என்று எவரும் இணையத்தில் கட்டணமின்றிப் பார்க்கலாம். அதில் இல்லாத படிப்புக்கு அரசின் பி.டி.பி.டி.என். உயர்கல்விக் கடனும் கிடைக்காது.

பாடத் தேர்வைப் பொறுத்தவரை, பள்ளியின் கால அட்டவணை இடம் கொடுத்தால் காட்சிக் கலையையும் கணக்கியலையும் சேர்த்தே எடுக்கட்டும். சொந்தமாகப் பட்டறை வைப்பவருக்கு வரவு செலவு எழுதத் தெரிய வேண்டும் என்பதால் அப்பாவின் விருப்பம் வீண்போகாது. இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால் காட்சிக் கலையை எடுக்கச் சொல்வேன். ஆனால் மலாய்மொழியிலும் வரலாற்றிலும் தேர்ச்சி பெறாவிட்டால் எஸ்.பி.எம். சான்றிதழே கிடையாது என்பதையும், கணிதத்தில் கிரெடிட் எனும் நல்ல தேர்ச்சி இல்லையென்றால் பல கதவுகள் அடைபடும் என்பதையும் அவளிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். வரலாறு அவளுக்குக் கொஞ்சம் தடுமாறுகிறது என்று நீங்கள் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. டியூஷனுக்குப் பணம் ஒதுக்க முடிந்தால் அந்தப் பாடத்துக்கே ஒதுக்குங்கள்.

அவள் படுக்கையறையில் கதவைச் சாத்திக்கொண்டு வரைவதாக நீங்கள் சொன்னதுதான் எனக்குக் கவலை அளித்தது. கரைப்பான் கலந்த வண்ணங்களின் ஆவி மூடிய அறையில் மூளைக்கும் நுரையீரலுக்கும் கெடுதல். வராந்தாவில் உட்காரட்டும், இல்லையேல் நீரில் கரையும் கண்ணாடி வண்ணத்துக்கு மாறட்டும். வெட்டிய கண்ணாடியின் விளிம்பை ஈரமான உப்புத்தாளால் தேய்த்த பிறகே கையில் எடுக்க வேண்டும்.

வரும் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அவளையும், இயன்றால் அவள் அப்பாவையும் அழைத்து வாருங்கள். பள்ளித் தேர்வு முடிவுத்தாளை மறக்க வேண்டாம். துதிக்கை வலப்பக்கம் போன அந்த முதல் கண்ணாடியைக் குப்பையில் போடப்போவதாக அவள் சொன்னதாகக் கூறினீர்கள். தயவுசெய்து அதைப் பத்திரமாக எடுத்து வைக்கச் சொல்லுங்கள். கலைப் படிப்புக்கான நேர்முகத் தேர்வில் படைப்புத் தொகுப்பைக் கேட்பார்கள். அதில் இரண்டு பிள்ளையாரையும் அருகருகே வைத்து, முதலாவதிலிருந்து இரண்டாவதற்கு எப்படிப் போனாள் என்பதை அவள் தன் வாயாலேயே விளக்க வேண்டும்.