பிளஸ் ஒன் கணினிப் படிப்புக்குச் செல்வமகள் பணத்தை எடுக்கலாமா?

கேள்வி: நாங்கள் குமாரபாளையத்தில் வசிக்கிறோம். கணவர் விசைத்தறிப் பட்டறையில் வேலை செய்கிறார், நான் வீட்டில் தையல் தைக்கிறேன். இருவர் வருமானமும் சேர்ந்து மாதம் 34,000 ரூபாய். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்த மகள் பத்தாம் வகுப்பில் 441 மதிப்பெண் வாங்கியிருக்கிறாள். கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்க ஆசைப்படுகிறாள். ஒரு தனியார் பள்ளியில் அந்த குரூப்புடன் இரண்டு ஆண்டு 'கோடிங்' பயிற்சியும் தருகிறார்கள். பள்ளிக் கட்டணம் ஆண்டுக்கு 45,000. பயிற்சிக்குத் தனியாக 1,20,000. மொத்தமாகக் கட்டினால் 1,08,000, இல்லாவிட்டால் வட்டியில்லாத் தவணையாக மாதம் 6,667 வீதம் 18 மாதம். 65,000 ரூபாய் லேப்டாப்பும் வேண்டுமாம். மகளின் செல்வமகள் கணக்கில் மார்ச் இறுதியில் 2,60,000 இருந்தது. அதில் பாதியை எடுப்பதா, தவணையில் சேர்ப்பதா? முன்பணம் 5,000 கட்டிவிட்டோம்.

பதில்: செல்வமகள் சேமிப்புத் திட்டத்தில் பெண் பத்தாம் வகுப்புத் தேறிவிட்டாலோ, 18 வயதை எட்டிவிட்டாலோ, இவற்றில் எது முந்துகிறதோ அதன் பின்னர், முந்தைய நிதியாண்டின் இறுதி இருப்பில் பாதி வரை படிப்புக்காக எடுக்கலாம். சேர்க்கைக்கான சான்றும் கட்டண விவரமும் காட்ட வேண்டும்; கட்டணத்துக்கு மேல் எடுக்க முடியாது. ஆக, உங்கள் கணக்கில் 1,30,000 வரை எடுக்க விதியில் இடமுண்டு. ஆனாலும் எடுக்க வேண்டாம் என்பதே என் பதில். இப்போதைய 8.2 சதவீத வட்டி அப்படியே நீடித்தால், இன்று நீங்கள் எடுக்க நினைக்கும் 1,30,000 ரூபாய், மகள் கல்லூரி வாசலில் நிற்கும் இரண்டாண்டு கழித்து ஏறத்தாழ 1,52,200 ஆகியிருக்கும். அந்தத் தொகைக்கு அப்போதுதான் உண்மையான வேலை இருக்கிறது.

தவணையும் வேண்டாம். 'வட்டியில்லா' என்று அவர்கள் சொல்வதை ஒரு வெள்ளைத் தாளில் எழுதிப் பாருங்கள். ரொக்க விலை 1,08,000. தவணையில் கட்டுவது 1,20,000. நடுவில் உள்ள 12,000 ரூபாய்க்கு வட்டி என்ற பெயர் இல்லையே தவிர, ஆண்டுக்குச் சுமார் 13.5 சதவீத வட்டிக்குக் கடன் வாங்கியதற்கு அது சமம். 18 சதவீத ஜிஎஸ்டி இந்த விலைக்குள் அடங்கியதா, பிறகு தனியாக வருமா என்பதையும் கேட்டீர்களா என்று தெரியவில்லை. இதைவிட முக்கியம், இத்தகைய தவணையில் பெரும்பாலும் நீங்கள் கையெழுத்திடுவது பயிற்சி நிறுவனத்துடன் அல்ல, ஒரு கடன் நிறுவனத்துடன். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் பையன் நான்காம் மாதமே வகுப்பிலிருந்து நின்றுவிட்டான். வகுப்பு நின்றதே தவிர, வங்கிக் கணக்கிலிருந்து ஐந்தாம் தேதி தவறாமல் தவணை போவது நிற்கவில்லை. அந்த ஒப்பந்தத்தை வாங்கிப் படித்தபோது, படிப்பைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை என்பதைக் கண்டேன்.

இனி, நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன். நீங்கள் போடும் வரவு செலவுக் கணக்கில் மிகப் பெரிய தொகை அதில்தான் இருக்கிறது. ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் போன்ற தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு தரும் சட்டம் 2021இல் வந்தது. அந்த ஒதுக்கீட்டில் இடம் பெறுவோரின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் ஆகியவற்றை அரசே ஏற்கிறது. உங்கள் மகள் ஐந்து ஆண்டுகளை முடித்துவிட்டாள், மீதி இரண்டுதான். இப்போது தனியார் பள்ளிக்கு மாறினால் அந்தத் தகுதி போய்விடும், பிறகு எவ்வளவு பணம் கொடுத்தாலும் அதைத் திரும்ப வாங்க முடியாது. கல்லூரியில் சேரும் அரசுப் பள்ளி மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டமும் கைநழுவும். நான்காண்டுப் படிப்புக்கு அதுவே 48,000 ரூபாய் வரை ஆகும். தனியார் பள்ளியில் நீங்கள் கட்டப்போவது கட்டணம் 90,000, பயிற்சி 1,20,000, லேப்டாப் 65,000 என 2,75,000 ரூபாய். அவ்வளவும் கொடுத்து, நான்காண்டுக் கல்லூரிச் செலவை அரசு ஏற்கும் வாய்ப்பை நீங்களே விட்டுக்கொடுக்கப் போகிறீர்கள்.

அரசுப் பள்ளியில் படித்தால் 'கோடிங்' கிடைக்காதே என்ற கவலை உங்களுக்கு இருக்கும். மாநிலப் பாடத்திட்டத்தில் பிளஸ் ஒன் கணினி அறிவியலில் சி++ நிரல்மொழியும், பிளஸ் டூவில் பைத்தானும் இருக்கின்றன. பைத்தானில் செயற்கூறு (ஃபங்ஷன்), பட்டியல் (லிஸ்ட்), இனக்குழு (கிளாஸ்) ஆகியவற்றுக்குப் பிறகு தரவுத்தளம், அதைக் கையாளும் எஸ்கியூஎல் மொழி, சிஎஸ்வி கோப்பு, கடைசியில் தரவை வரைபடமாக்குவது வரை பாடம் போகிறது. அந்தப் பள்ளியின் விளம்பரத் தாளைப் பாடநூலின் பொருளடக்கத்துக்கு அருகில் வைத்து ஒவ்வொரு தலைப்பாக டிக் அடித்துப் பாருங்கள். பாதிக்கு மேல் டிக் விழுந்தால் நான் வியப்படைய மாட்டேன். அரசுப் பள்ளியில் அந்தப் பாடநூல் இலவசம்.

நீங்கள் சரிபார்க்க வேண்டியது ஒன்று உண்டு. உங்கள் ஊர் அரசு மேல்நிலைப் பள்ளியில் கணினிப் பயிற்றுநர் பணியிடம் நிரப்பப்பட்டிருக்கிறதா, ஆய்வகத்தில் மாணவிகள் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் உட்கார்கிறார்கள் என்பதைத் தலைமையாசிரியரிடம் நேரில் கேளுங்கள். பயிற்றுநர் இல்லையென்றால் பக்கத்து அரசுப் பள்ளியைப் பாருங்கள், அப்போதும் தனியார் பள்ளிக்குத் தாவ வேண்டியதில்லை.

பொறியியல் கலந்தாய்வின் 200 மதிப்பெண் கட்-ஆஃப், கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்றே கணக்கிடப்படுகிறது. கணினி அறிவியல் மதிப்பெண் அதில் சேருவதில்லை. கணினிப் பொறியியல் இடத்தைப் பெற்றுத் தருவது கணிதம்தான். டியூஷனுக்கென்று செலவழிக்க மனமிருந்தால், நல்ல கணித ஆசிரியர் ஒருவருக்கு மாதம் ஆயிரமோ ஆயிரத்தைந்நூறோ கொடுங்கள்.

லேப்டாப் வேண்டும், அதை நான் மறுக்க மாட்டேன். நிரல் எழுதுவது படித்து வருவதன்று, தட்டித் தவறு செய்து திருத்தி வருவது. வீட்டில் கருவி இல்லாத பிள்ளை அந்த இடத்தில்தான் பின்தங்குகிறது. ஆனால் 65,000 ரூபாய்க்கு அவசியமில்லை. பைத்தான், மைஎஸ்கியூஎல், சி++ கம்பைலர் எல்லாம் இலவசமாகக் கிடைப்பவை. பழைய கணினியிலும் ஓடுபவை. 8 ஜிபி ரேம், எஸ்எஸ்டி உள்ள, புதுப்பித்து விற்கப்படும் லேப்டாப் ஒன்றை, பில்லும் ஆறு மாத உத்தரவாதமும் தரும் கடையில் 25,000 ரூபாய்க்குள் தேடுங்கள். வாங்கும் முன் சார்ஜரைக் கழற்றிவிட்டு அரை மணி நேரம் ஓடவிட்டுப் பாருங்கள், பேட்டரியின் நிலை தெரிந்துவிடும். அதற்குச் சீட்டு எடுத்தாலும் தவறில்லை.

தவணையாகக் கட்டத் துணிந்த 6,667 ரூபாயில் 4,000 ரூபாயை மட்டும் வங்கியில் இரண்டாண்டுத் தொடர் வைப்பாக (ஆர்டி) போடுங்கள். முடிவில் அசலே 96,000 ஆகிவிடும். செல்வமகள் கணக்கிலேயே போட்டால் வட்டி கூடுதலாகக் கிடைக்குமே என்று கேட்கலாம்; அதில் பாதிக்கு மேல் எடுக்க முடியாது என்பதால், கல்லூரிச் சேர்க்கை நேரத்துச் செலவுக்கு வங்கி வைப்பே வசதி.

முன்பணம் 5,000 ரூபாயைத் திருப்பித் தரும்படி கடிதமாக எழுதிக் கேளுங்கள். தராவிட்டாலும் அந்த 5,000 ரூபாய்க்காக மீதிப் பணத்தைக் கட்டிவிடாதீர்கள். இன்று இரவே பார்க்க வேண்டியது உங்கள் கணவரின் கைபேசியை. தவணைக்காக ஏதேனும் இணைப்பை அனுப்பி ஓடிபி வாங்கினார்களா என்று பாருங்கள். கடன் ஏற்கெனவே பதிவாகியிருந்தால், டிஜிட்டல் கடன்களுக்கு ரிசர்வ் வங்கி விதித்துள்ள மறுபரிசீலனைக் காலத்துக்குள், அசலையும் அந்தச் சில நாள்களுக்கான வட்டியையும் கட்டி அபராதமின்றி விலகலாம். அந்தக் காலம் எத்தனை நாள் என்பது கடன் ஒப்பந்தத்தின் முக்கிய விவரத் தாளில் இருக்கும். அது மிகக் குறுகியது என்பதால் நாளைக்கு என்று தள்ளிப்போட வேண்டாம்.