நன்கொடை கொடுக்கும் முன்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் கோயில் சபைகளுக்கும் சிறு தொண்டு அமைப்புகளுக்கும் கணக்குத் தணிக்கை செய்வது என் வேலை. கட்சிச் சண்டை கூடிப்போன இந்த நாளில் யாரை நம்பிக் கொடுப்பது என்று பலரும் கேட்டிருந்தீர்கள். கேட்டவரின் ஊரைக் கேள்விக்கு முன்னால் போட்டிருக்கிறேன்.

சாட்ஸ்வொர்த்: அக்கா, எங்கள் பகுதியில் உணவுப் பொட்டலம் கொடுக்கும் அமைப்புக்கு மாதாமாதம் பணம் போடுகிறேன். 2024 தேர்தலில் அதன் தலைவர் ஒரு கட்சி மேடையில் ஏறினார். நிறுத்திவிடலாமா?

அவசரப்பட வேண்டாம், தம்பி. தலைவருக்கும் ஓட்டு உண்டு, கட்சியும் இருக்கலாம். சட்டம் பார்ப்பது அமைப்பின் பணத்தையும் பொருளையும்தான். வரிவிலக்குப் பெற்ற பொதுநல அமைப்பு தன் வளங்களைக் கொண்டு எந்தக் கட்சியையும் நேரடியாகவோ மறைமுகமாகவோ ஆதரிக்கக் கூடாது, எதிர்க்கவும் கூடாது என்று வருமான வரிச் சட்டத்தின் 30ஆம் பிரிவு சொல்கிறது. பொட்டலம் கொடுத்த இடத்தில் கட்சி டி-ஷர்ட் இருந்ததா? அமைப்பின் வண்டி கூட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போனதா? கட்சி அட்டை கேட்டார்களா? இதில் ஒன்று நடந்திருந்தாலும் நிர்வாகக் குழுவுக்கு எழுதிக் கேளுங்கள். பதில் வராவிட்டால் சார்ஸ் என்னும் வருமான வரித் துறைக்குப் புகார் கொடுங்கள். மேடையில் பேசியதோடு சரி என்றால், வரிசையில் நிற்கும் பாட்டியின் சாப்பாட்டில் கை வைக்காதீர்கள்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்: கிஃப்ட் ஆஃப் த கிவர்ஸ் என்ற நிவாரண அமைப்பின் நிறுவனர் பாலஸ்தீனம் பற்றிப் பேசுவது எனக்கு ஒப்பவில்லை. அவர்களை இனி நம்பலாமா?

கருத்து பிடிக்கவில்லை என்றால் வேறு அமைப்புக்குக் கொடுங்கள், அது உங்கள் உரிமை. ஆனால் அந்தக் கோபத்தில் "பணம் எங்கேயோ போகிறது" என்று வாட்ஸப்பில் வருவதை ஆதாரம் இல்லாமல் அனுப்பிவிடாதீர்கள். டாக்டர் இம்தியாஸ் சூலிமான் 1992இல் உங்கள் ஊரில் தொடங்கிய அமைப்பு அது. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் நம் குவாசூலு-நட்டால் மாகாணத்தில் 400 பேருக்கு மேல் இறந்தார்கள், பல பகுதிகளில் குழாயில் தண்ணீர் நின்றுபோனது. அப்போது நிவாரணத்துக்கு வந்தவர்களில் அவர்களும் உண்டு. பேச்சைப் பேச்சாக எதிர்க்கலாம். பணத்தைப் பற்றிச் சந்தேகம் இருந்தால் கணக்கைக் கேளுங்கள்.

லெனேசியா: பதிவு எண் இருந்தால் போதாதா?

போதாது. லாட்டரிப் பணத்திலிருந்து தொண்டு அமைப்புகளுக்கு மானியம் கொடுக்கும் தேசிய லாட்டரி ஆணையத்தில் நடந்த ஊழலை நினைத்துப் பாருங்கள். கிரவுண்ட்அப் செய்தித் தளத்தில் பத்திரிகையாளர் ரேமண்ட் ஜோசஃப் தொடர்ந்து எழுதினார், 2020இல் அரசின் சிறப்பு விசாரணைப் பிரிவு உள்ளே வந்தது. முறையான பதிவு எண் வைத்திருந்த சிறு அமைப்புகளையே சிலர் கைப்பற்றி, அந்தப் பெயரில் மானியம் வாங்கியிருக்கிறார்கள். முதியோர் இல்லத்துக்கு என்று வாங்கிய பணம் வேறு கைகளுக்குப் போனது. இதை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது, ஏனென்றால் அடி விழுந்தது நேர்மையாக நடத்துகிறவர்கள் மேல்.

லாப நோக்கற்ற அமைப்புகளுக்கான 1997ஆம் ஆண்டுச் சட்டப்படி, பதிவு செய்த அமைப்பு நிதியாண்டு முடிந்து ஒன்பது மாதத்துக்குள் செயல் அறிக்கையும் கணக்கும் சமூக மேம்பாட்டுத் துறைக்குக் கொடுக்க வேண்டும். துறையிடம் உள்ள அந்த ஆவணங்களைப் பார்க்கப் பொதுமக்களுக்கு உரிமை உண்டு. அதைக் கேட்கிறவர்கள்தான் குறைவு. அப்புறம், ஒரு சனிக்கிழமை நேரில் போய் வேலை நடக்கிறதா என்றும் பாருங்கள்.

பீனிக்ஸ்: 2021க்குப் பிறகு எங்கள் குழுவில் "நம் பணம் நம் ஆட்களுக்கு மட்டும்" என்கிறார்கள்.

2021 ஜூலைக் கலவரத்தில் உங்கள் ஊரில் 36 பேர் உயிர் போனது. பயமும் வலியும் இந்தியர், கறுப்பினத்தவர் என்று இரண்டு பக்கமும் இருக்கிறது, தங்கச்சி. ஆனால் பக்கத்தில் கறுப்பினத்தவர் அதிகம் வாழும் இனாண்டாவில் பசி இருக்கும்போது இப்படிக் கோடு போட்டால் சந்தேகம்தான் வளரும். குழுவில் அங்கிருந்து இரண்டு பேரைச் சேருங்கள், அதில் ஒருவர் காசோலையில் கையெழுத்துப் போடட்டும். எத்தனை வீட்டுக்கு என்ன போனது என்ற பட்டியலை இரண்டு இடத்திலும் ஒட்டுங்கள்.

18ஏ ரசீது எதற்கு?

வருமான வரிச் சட்டத்தின் 18ஏ பிரிவுப்படி கொடுக்கும் நன்கொடை ரசீது அது, வரிக்கழிவுக்கு. வரிக்குரிய வருமானத்தில் 10% வரை கழித்துக்கொள்ளலாம், மிஞ்சியது அடுத்த ஆண்டுக்குப் போகும்.

மவுண்ட் எட்ஜ்கோம்ப்: எங்கள் கோயில் இலங்கைக்கு நிவாரணப் பணம் அனுப்ப நினைக்கிறது.

நல்ல காரியம். ஆனால் வெளிநாட்டுக்கு உதவி அனுப்பும் அமைப்புகள் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும் என்று 2022இல் அந்த 1997 சட்டத்தைத் திருத்திவிட்டார்கள், அதை முதலில் முடியுங்கள். 18ஏ இந்த நாட்டில் நடக்கும் பணிக்குத்தான் என்பதால், இந்த வசூலுக்கு அந்த ரசீது கொடுக்காதீர்கள். பணம் கோயில் கணக்கிலிருந்தே போகட்டும், யாருடைய சொந்தக் கணக்கு வழியாகவும் வேண்டாம். அங்கே வாங்கிக்கொள்பவரின் ரசீது வந்ததும் அறிவிப்புப் பலகையில் போடுங்கள்.