ஸ்பெயின் பயணத்தில் கோர்தோபாவுக்கு அரை நாள் போதுமா? அங்கே வசிப்பவர்கள் சொல்லுங்கள்

போதாது.

மத்ரித்திலிருந்து அதிவேக ரயிலில் ஒன்றே முக்கால் மணி நேரம், செவியாவிலிருந்து முக்கால் மணி நேரம்தான் என்பதால், கிரனாதா போகிற வழியில் ஓர் எட்டு பார்த்துவிடலாம் என்றுதான் பலரும் திட்டம் போடுகிறார்கள். பதினொரு மணிக்கு வந்து இறங்கி, கூட்டத்தோடு கூட்டமாக மசூதிக்குள் நுழைந்து, வெயிலில் வதங்கி, நாலு மணி ரயிலைப் பிடிக்க ஓடுகிறார்கள். இந்த ஊரைப் பார்க்க அதைவிட மோசமான நேரம் கிடையாது. ஓர் இரவாவது தங்குங்கள். இங்கே பல்கலைக்கழகத்தில் வேளாண் துறையில் வேலை பார்க்கிறேன். ஊரிலிருந்து யார் வந்தாலும் எந்த வரிசையில் கூட்டிக்கொண்டு போவேனோ, அதையே சொல்கிறேன்.

முதலில் மெஸ்கீத்தா (பெரிய மசூதியாகக் கட்டி, பிறகு கிறிஸ்தவப் பேராலயமான கட்டடம்), அதுவும் காலையில். திங்கள் முதல் சனி வரை 8.30 முதல் 9.30 வரை கட்டணம் இல்லை. காசு மிச்சம் என்பதற்காகச் சொல்லவில்லை. அந்த நேரத்தில் சுற்றுலாக் குழுக்களை உள்ளே விடமாட்டார்கள், அதற்காகச் சொல்கிறேன். பூசைக்காக 9.30-க்குச் சற்று முன்பே எல்லாரையும் வெளியே அனுப்பிவிடுவார்கள். எட்டேகாலுக்கே ஆரஞ்சு மர முற்றத்துக்கு வந்துவிடுங்கள். (விழா நாட்களில் நேரம் மாறும். முந்தின நாளே அவர்களுடைய இணையதளத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.) காத்திருக்கும்போது முற்றத்தின் கூழாங்கல் தரையைக் கொஞ்சம் குனிந்து பாருங்கள். ஒரு மரத்தடியிலிருந்து அடுத்த மரத்தடிக்குச் சின்னச் சின்ன வாய்க்கால் ஓடும். வயலில் தண்ணீர் பாய்ச்சியவர்களுக்கு விளக்கமே தேவையில்லை. பழத்தை மட்டும் பறித்துத் தின்றுவிடாதீர்கள், கசப்பு ஆரஞ்சு.

உள்ளே போனதும் எல்லாரும் சிவப்பு வெள்ளை வளைவுகளை அண்ணாந்து படம் எடுப்பார்கள். நீங்கள் தூண்களின் அடியைப் பாருங்கள். நுழைவாயிலுக்குப் பக்கத்தில், வலது கைப்புறம் இருப்பதுதான் ஆகப் பழைய பகுதி. முதலாம் அப்துர் ரஹ்மான் 785 வாக்கில் தொடங்கியது. தமாஸ்கஸில் ஆண்ட தன் உமையா குலத்தை எதிரிகளான அப்பாசியர்கள் கொன்று குவித்தபோது தப்பி ஓடிவந்து, 756-ல் இங்கே ஆட்சியைப் பிடித்தவர் அவர். தூண்களை ரோமானியர், அவர்களுக்குப் பின் ஆண்ட விசிகோத்தியர் ஆகியோரின் பழைய கட்டடங்களிலிருந்து எடுத்து வந்திருக்கிறார்கள். ஒன்று சாம்பல் நிறம், பக்கத்தில் இருப்பது இளஞ்சிவப்பு. ஒன்று வழவழவென்று இருக்கும், இன்னொன்றில் நீளவாக்கில் வரி ஓடும். குட்டைத் தூணுக்குக் கீழே பீடம். நெட்டைத் தூண் தரைக்குள் புதைந்து நிற்கும். இவ்வளவு செய்தும் கூரைக்கு உயரம் போதவில்லை, அதனால் வளைவுக்கு மேல் இன்னொரு வளைவை ஏற்றினார்கள். இன்றைக்கு உலகமே மெச்சுகிற அந்த இரட்டை வளைவு, கையில் இருந்ததை வைத்துச் சமாளித்ததில் வந்தது.

அப்படியே தெற்கே நடந்தால் 960-களுக்கு வந்துவிடுவீர்கள். கலீபா இரண்டாம் அல்-ஹக்கம் காலத்தில் பணத்துக்குக் குறைவில்லை. தூண்களைப் புதிதாகவே செதுக்கி, இளஞ்சிவப்பும் கருநீலமும் மாறி மாறி நிறுத்தியிருக்கிறார்கள். மிஹ்ராபை (தொழும் திசையைக் காட்டும் மாடத்தை)ச் சுற்றிப் பொன்னாக மின்னும் மொசைக் வேலைக்கு ஆளும் கண்ணாடிச் சில்லும் அனுப்பியவர் பைசாந்தியத்தின் (கிழக்கு ரோமானியப் பேரரசின்) கிறிஸ்தவப் பேரரசர். பிறகு இடது பக்கம், கிழக்கே திரும்புங்கள். அது 987-ல் அமைச்சர் அல்-மன்சூர் சேர்த்தது. பரப்பு பெரிது, வேலைப்பாடு குறைவு. மற்ற இடங்களில் செங்கல்லும் கல்லும் மாறி மாறி வருவதால் உண்டாகும் சிவப்பு, இங்கே கல்லின் மேல் பூசிய வெறும் சாயம்.

நடுவில் திடீரென்று கூரை மேலே போய் வெளிச்சம் கொட்டும். அதுதான் பேராலயம். 1236-ல் காஸ்தீலின் கிறிஸ்தவ மன்னர் மூன்றாம் பெர்னாந்தோ ஊரைப் பிடித்த பிறகு, ஏறக்குறைய 300 ஆண்டுகள் சிறு மாற்றங்களோடு மசூதியையே தேவாலயமாக வைத்திருந்தார்கள். 1523-ல் ஆயர் (பிஷப்) நடுப்பகுதியை இடிக்கக் கிளம்பியதும், இடிப்பவர்களுக்கு மரண தண்டனை என்றே நகரசபை மிரட்டியது. பேரரசர் ஐந்தாம் கார்லோஸ் ஆயர் பக்கம் சாய்ந்தார், வேலை நடந்துவிட்டது. வருகிறவர்களில் பாதிப் பேர் இந்த இடத்தில் உச்சுக் கொட்டுவார்கள். எனக்கென்னவோ, தேவாலயமாக ஆனதால்தான் மீதியாவது தப்பியது என்று தோன்றும். செவியாவின் பெரிய மசூதியில் இன்று மிஞ்சியிருப்பது கோபுரமும் முற்றமும்தானே. அதற்காக இங்கே எல்லாம் சுமுகம் என்று நினைக்காதீர்கள். 2006-ல் மறைமாவட்டம் வெறும் 30 யூரோ கட்டணம் கட்டிக் கட்டடத்தைத் தன் பெயரில் பதிவு செய்துகொண்டது. அந்தச் சர்ச்சை இன்னும் ஓயவில்லை.

முஸ்லிம் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: உள்ளே தொழ அனுமதி இல்லை. யாராவது முயன்றால் காவலர்கள் உடனே வந்துவிடுவார்கள். 2010-ல் ஆஸ்திரியாவிலிருந்து வந்த இளைஞர்கள் சிலர் தொழப்போய், கைகலப்பில் முடிந்தது. தொழுகைக்கு பிளாசா தெ கொலோன் பூங்காவுக்குள் ஒரு சின்ன மசூதி இருக்கிறது. ஸ்பெயின் உள்நாட்டுப் போரில், பின்னாளில் சர்வாதிகாரியான பிராங்கோவின் தரப்பில் சண்டையிட்ட மொராக்கோ வீரர்களுக்காகக் கட்டியது அது.

மத்தியானம் இரண்டு முதல் ஏழு வரை, கோடையென்றால், அறையை விட்டு வெளியே வராதீர்கள். 40 டிகிரி இங்கே சர்வசாதாரணம். 2017 ஜூலையில் விமான நிலையத்தில் 46.9 பதிவானது. இரண்டு மணிக்குள் சாப்பாட்டை முடித்துக்கொள்ளுங்கள். நான்கு மணிக்குப் பல சமையலறைகள் மூடிவிடும், இரவு எட்டரைக்கு முன் சூடாக எதுவும் கிடைக்காது. சால்மொரேஹோ என்று கேளுங்கள். தக்காளி, ரொட்டி, பூண்டு, ஆலிவ் எண்ணெய் எல்லாம் சேர்த்து அரைத்து, கெட்டியாக, குளிரக் குளிரத் தருவார்கள். மேலே பன்றித்தொடை இறைச்சியும் அவித்த முட்டையும் தூவுவது வழக்கம். வேண்டாமென்றால் ‘சின் ஹமோன், சின் உவேவோ’ என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். வறுத்த கத்திரிக்காயின் மேல் கரும்புப் பாகு ஊற்றித் தருவதையும் விடாதீர்கள். பிளமென்கின் என்பது பன்றி இறைச்சி. பெயரைப் பார்த்தால் தெரியாது, தவறி வாங்கிவிட வேண்டாம்.

வெயில் தாழ்ந்ததும் யூதர் குடியிருப்புச் சந்துகள். எல்லாரும் படம் எடுக்கும் ‘பூக்களின் சந்து’ என்னைக் கேட்டால் தள்ளுமுள்ளுக்குத்தான் லாயக்கு. அங்கே யாராவது ரோஸ்மேரிக் கிளையைக் கையில் திணித்தால் வாங்காதீர்கள், காசு கேட்பார்கள். 1315-ல் கட்டிய யூதத் தொழுகைக்கூடம் மட்டும் கோடையில் சீக்கிரம் மூடிவிடும், அதனால் அதை மெஸ்கீத்தா முடிந்த கையோடு பார்த்துவிடுங்கள். உள்ளே ஒரே ஒரு அறைதான். கிறிஸ்தவ அரசின் கீழ் யூதர்கள் கட்டியது. சுவரிலோ இஸ்லாமியப் பாணிச் சுண்ணச் சித்திர வேலை, நடுவே எபிரேய எழுத்து. 1492-ல் யூதர்களை நாட்டைவிட்டே துரத்திய பிறகு இது வெறிநாய்க்கடி நோயாளிகளின் மருத்துவமனையாகி, பிறகு செருப்புத் தைப்பவர் சங்கத்தின் சிற்றாலயமாகியது.

மறுநாள் காலை மெதினா அசாஹரா. ஊருக்கு மேற்கே 8 கிலோமீட்டர். 929-ல் தன்னைக் கலீபாவாக அறிவித்துக்கொண்ட மூன்றாம் அப்துர் ரஹ்மான் 936 வாக்கில் எழுப்பத் தொடங்கிய அரண்மனை நகரம். நூறாண்டுகூட நிற்கவில்லை, 1010 வாக்கில் உள்நாட்டுச் சண்டையில் சூறையாடிவிட்டார்கள். இதுவரை தோண்டியது பத்தில் ஒரு பங்குதான். முதலில் அடிவாரத்து அருங்காட்சியகம், பிறகு அங்கிருந்தே கிளம்பும் சிற்றுந்தில் மேலே. மாற்றிச் செய்தால் வெறும் கல்லும் மண்ணும்தான் கண்ணுக்குத் தெரியும். திங்கட்கிழமை விடுமுறை.

எப்போது வரலாம் என்றால், மார்ச், ஏப்ரல், அக்டோபர், நவம்பர். வீட்டு முற்றங்களைப் பூந்தொட்டிகளோடு எல்லாருக்கும் திறந்துவைக்கும் மே மாத முற்றத் திருவிழாவைப் பார்த்தே ஆகவேண்டும் என்பவர்களை நான் தடுக்கமாட்டேன். 1921-ல் போட்டியாக ஆரம்பித்தது, 2012-ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. வீட்டுக்காரர்கள் நீளக் கம்பு நுனியில் தகர டப்பாவைக் கட்டி, எட்டாத உயரத்துத் தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவதை சான் பசிலியோ குடியிருப்புப் பக்கம் பார்க்கலாம். நுழைய இலவசம், வரிசை நீளம். அறை வாடகையும் எக்கச்சக்கமாக ஏறிவிடும், அதனால் மே என்று முடிவு செய்தால் விமான டிக்கெட்டுக்கு முன்னால் அறையைப் பிடியுங்கள்.